நாற்காலிக்காரர் பதில்கள்: தண்டுவடக் காயமும் உடற்பயிற்சியும்

உடற்பயிற்சி பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதும் சொன்னேன், ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ஒயரிங் வேலை பார்த்தவன். மதுரையில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்ததில் டி-10 போய்விட்டது. அதாவது தொப்புளுக்குக் கீழே உணர்வும் கிடையாது, அசைவும் கிடையாது. (கீழே வருகிற எழுத்துகளில் சி என்றால் கழுத்து, டி என்றால் முதுகு, எல் என்றால் இடுப்புப் பகுதி; எண், அந்தப் பகுதியில் மேலிருந்து எத்தனையாவது என்பது.) இப்போது, புதிதாகக் காயம்பட்டு வருகிறவர்களுக்கு வீல்சேரில் ஏற, இறங்க, ஓட்டச் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. டாக்டர் அல்ல. மருத்துவம் வருகிற இடங்களில் எங்கள் சென்டர் பிசியோ மேடத்திடமும் நர்ஸ் அக்காவிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்.

என் கணவர் பனை ஏறும் தொழிலாளி. விழுந்து எட்டு மாதம் ஆகிறது. டி-12, 'கம்ப்ளீட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் மணல் வறுத்து ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்துக் கால்களை நன்றாக மடக்கி முறுக்கினால் நரம்புக்கு உயிர் வரும் என்கிறார் மாமியார். செய்யலாமா? வேறு என்ன பயிற்சி கொடுக்கலாம்?
— வாசகி, சங்கரன்கோவில்

முதலில் அந்த மணல் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குங்கள், தங்கச்சி. மற்றதை அப்புறம் பேசலாம்.

'கம்ப்ளீட்' என்றால் முழுமையான காயம், அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை என்று அர்த்தம். உணர்வில்லாத தோலுக்குச் சூடு தெரியாது, ஆனால் சுடும். மாமியார் கைக்கு இதமாக இருக்கிற சூடே உங்கள் கணவர் காலில் கொப்புளம் போட்டுவிடும். 'போதும், எடு' என்று சொல்ல அவருக்குச் சேதி போய்ச் சேராது. வந்த புண்ணும் லேசில் ஆறாது. நான் பார்த்த தீக்காயங்கள் எல்லாம் சின்ன விஷயத்தில் வந்தவைதான்: தொடை இடுக்கில் வைத்த டீ டம்ளர், மடியில் வைத்த லேப்டாப், வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட், அன்பாகக் கொண்டுவந்து வைத்த வெந்நீர்ப் பை.

முறுக்குவதும் வேண்டாம். நிற்காத காலின் எலும்பு முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே வேகமாக வலுவிழக்கும், அதிலும் முழங்காலைச் சுற்றி. வேகமாக மடக்கினால் முறியலாம். வலி இல்லாததால் முறிந்ததே தெரியாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெயைத் தேடாதீர்கள். எலும்பு முறிவாக இருக்கலாம், ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். தேய்த்தால் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மெதுவான அசைவு கட்டாயம் வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் காலையில் ஒரு தடவை, முடிந்தால் சாயங்காலம் ஒரு தடவை, முழுத் தூரத்துக்கு நிதானமாகக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். தடுக்கிற இடத்தில் நில்லுங்கள். நடப்பதற்காக இதைச் செய்யவில்லை. கணுக்கால் இறுகிவிட்டால் பாதம் வீல்சேர் பலகையில் உட்காராது, இடுப்பு இறுகிவிட்டால் நேராக உட்கார முடியாது, கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் புண் வரும். அதற்காகத்தான்.

இனி நிஜமான பயிற்சி. அதை நீங்கள் கொடுக்க முடியாது, அவர்தான் செய்ய வேண்டும். பனை ஏறிய தோளும் கையும் அவருடையவை. எங்கள் சென்டருக்கு வருகிற கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பாடுபட்டாலும் அந்தப் பிடி வராது. தரையில் கனமான மெத்தையைப் போட்டு, காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். பின்னால் நீங்கள் இருங்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விழாமல் உட்கார்ந்து பழகுவது முதல் பாடம். வயிற்றுத் தசை அவருக்கு வேலை செய்வதால் சீக்கிரம் பிடிபடும். அடுத்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் துணி சுற்றிய செங்கல் ஒவ்வொன்று. அதில் கை ஊன்றி, முழங்கையை நீட்டி, தோள்பட்டையைக் காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே தள்ள வேண்டும். அப்போது பின்பக்கம் மேலே வரும். தலையை முன்னால் குனிந்தால் இன்னும் கொஞ்சம் வரும். தலை ஒரு பக்கம் போனால் இடுப்பு மறுபக்கம் போகும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிற வித்தை முழுக்க இதில்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று: தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுபட்டால் தோல் உரியும்.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள், பாவம், அவர் மகன். பயிற்சி முடிந்ததும் தோளிலும் பிடரியிலும் எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் கணவருக்குத் தொடுவது நன்றாகத் தெரியும், சுகமாகவும் இருக்கும்.

என் மகன் கிணற்றில் தலைகீழாகக் குதித்து அடிபட்டான். சி-6 என்கிறார்கள். மணிக்கட்டைத் தூக்குகிறான், விரல் அசைவில்லை. விரல்கள் மடங்கிப் போகாமல் இருக்க நான் தினமும் ஒரு மணி நேரம் உள்ளங்கையையும் விரல்களையும் பின்னால் வளைத்து நீட்டிவிடுகிறேன். இன்னும் அதிகமாகச் செய்யலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

ஐயா, இன்றோடு நிறுத்திவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பாசத்தோடு செய்கிற காரியம் இது.

உங்கள் கையிலேயே ஒன்றைப் பாருங்கள். கையைத் தளரவிட்டு, மணிக்கட்டை மேலே தூக்குங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கி, கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள். விரல்கள் திறக்கும். நீங்கள் விரலை அசைக்கவே இல்லை. தசைநாரின் நீளம்தான் அந்த வேலையைச் செய்தது. உங்கள் மகனுக்குக் கிடைக்கப்போகும் பிடி இதுதான். மணிக்கட்டைத் தூக்கினால் பிடி, இறக்கினால் விடுதலை. இதை வைத்துக்கொண்டு டம்ளர் பிடிக்கலாம், போனை எடுக்கலாம், பிஸ்கட் சாப்பிடலாம். எங்கள் சென்டரில் ஒரு தம்பி இந்தப் பிடியில் தானே பல் தேய்க்கிறான், சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுக்கிறான்.

அதற்கு அந்தத் தசைநார் கொஞ்சம் குட்டையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். மணிக்கட்டும் விரலும் ஒரே நேரத்தில் பின்னால் வளைய நீட்டினால் அது தொளதொளத்துவிடும், பிடி போய்விடும். ஆகவே விதி இப்படி: விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கி இருக்க வேண்டும், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் மடங்கி இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நீட்டவே கூடாது. படுக்கையில் கை ஊன்றி உட்காரும்போதும் உள்ளங்கையை விரித்து வைக்காமல், விரல்களை மடித்தே ஊன்றச் சொல்லுங்கள். மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தை மணிக்கட்டுக்கு பலம் ஏற்றச் செலவிடுங்கள். முன்கையை மேசையில் வைத்து, கைமேல் சின்ன மணல் பையைப் போட்டுத் தூக்கி இறக்கட்டும். சுலபமானதும் எடையைக் கூட்டலாம்.

அடுத்த பத்தியை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. கழுத்திலோ, டி-6 வரை மேல் முதுகிலோ அடிபட்ட எல்லாருடைய வீட்டிலும் கத்தரித்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

பயிற்சி நடுவிலோ சும்மா இருக்கும்போதோ திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, உடம்பு சிலிர்ப்பது, மூக்கடைப்பு. இப்படி வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். இவர்களுடைய வழக்கமான மேல் அளவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதனால் 140 என்று காட்டினால் 'பரவாயில்லை, கொஞ்சம் கூடுதல்' என்று இருந்துவிடக் கூடாது. உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். பெல்ட், இறுக்கமான உடை, காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அடுத்து யூரின் குழாய்: மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா? பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான். அது இல்லையென்றால் மலச்சிக்கல், புண், உள்ளே வளரும் கால் நகம். காரணம் சிக்கவில்லை, அல்லது சரிசெய்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்கசிவு வரை போகும் விஷயம். சில டாக்டர்களுக்கே இது பழக்கமில்லை, ஆகவே 'ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா' என்ற பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 15 வருடமாக வீல்சேர். இப்போது வலது தோள் குத்துகிறது, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. பயிற்சியை நிறுத்தி ஓய்வு கொடுக்கவா? எங்கே ஓய்வு கொடுப்பது, கையால்தானே எல்லாம்?
— வாசகர், திருப்பூர்

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது, அண்ணே. நடக்க, ஏற, இறங்க, உடம்பைத் தூக்க என்று நான்கு பேர் வேலையைத் தோள் பார்க்கிறது. தோள் மூட்டு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ராத்திரி வலி இருப்பதால் முதலில் ஒரு எலும்பு டாக்டரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ காட்டுங்கள், தசைநார் கிழிந்திருந்தால் தெரியட்டும்.

அதற்குள் நாற்காலியைக் கவனியுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி பெரிய சக்கரத்தின் அச்சுப் பக்கம் வர வேண்டும். இலவசமாகக் கொடுக்கிற நாற்காலி எல்லாம் ஒரே அளவு; அதில் உயரமான மெத்தையும் போட்டுவிட்டால் கை எட்டாது, தோளைத் தூக்கித் தூக்கித் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுகிற விதத்தையும் பாருங்கள். டக் டக் டக்கென்று சின்னச் சின்னதாகத் தட்டாதீர்கள். பின்னாலிருந்து பிடித்து முன்னால் வரை நீளமாக ஒரு தள்ளு, அப்புறம் கையை விட்டுவிட்டு, அது கீழே தொங்கியபடி அரைவட்டமாகப் பின்னால் வரட்டும். கட்டில் உயரமும் நாற்காலி உயரமும் ஒன்றாக இருக்கும்படி கட்டில் காலை அறுக்கலாம், அல்லது கட்டை வைக்கலாம். புண் வராமல் இருப்பதற்காகக் கை ஊன்றி எழும்புகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். அதற்குப் பதில் நெஞ்சு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருங்கள், அல்லது இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சாயுங்கள். கை ஊன்றி எழும்பி 2 நிமிடம் யாராலும் நிற்க முடியாது. அதற்குக் குறைந்து எழும்பினால் அழுத்தப்பட்ட தோலுக்கு ரத்தம் சரியாகத் திரும்புவதில்லை. கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை. கடையில் ஸ்க்ரூவைத் தேடுகிற சாக்கில் குனிந்தால் போதும்.

பயிற்சிக்கு ஒரு பழைய சைக்கிள் டியூப் போதும். நாள் முழுக்க முன்னால் தள்ளுகிறீர்கள், நெஞ்சுத் தசை இறுகி, முதுகுத் தசை சோர்ந்து கிடக்கிறது. ஆகவே பின்னால் இழுக்க வேண்டும். டியூபை ஜன்னல் கம்பியில் மாட்டி, பிரேக் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து முழங்கையைப் பின்னால் கொண்டுபோங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நடுவில் சந்திக்க முயல வேண்டும். இன்னொன்று, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, துண்டு விழாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி டியூபை இழுப்பது. சின்ன அசைவுதான், தோள் மூட்டைப் பிடித்து வைக்கிற சின்னத் தசைகளுக்கு அதுதான் சோறு. முடிந்ததும் வாசல் நிலையில் முன்கையை வைத்து நாற்காலியை அரையடி முன்னால் நகர்த்துங்கள், நெஞ்சு விரியும். தலைக்கு மேலே எடை தூக்குவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குத்துகிற அசைவைக் கட்டாயப்படுத்திச் செய்யாதீர்கள்.

வாரத்துக்கு எத்தனை நிமிடம் பயிற்சி செய்தால் போதும்? ஜிம்முக்குப் போக வசதி இல்லை.
— வாசகர், கரூர்

2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து தண்டுவடக் காயத்துக்கென்றே ஒரு அளவு சொன்னார்கள். உடம்பில் தெம்பு ஏற, மூச்சு வாங்குகிற பயிற்சி ஒரு தடவைக்கு 20 நிமிடமாக வாரம் 2 தடவை. கூடவே வேலை செய்கிற தசைகளுக்கு பலப் பயிற்சி, ஒவ்வொன்றும் 3 சுற்று, அதுவும் வாரம் 2 தடவை. சர்க்கரை, கொழுப்பு, இதயம் இவற்றுக்கும் பலன் வேண்டுமென்றால் மூச்சு வாங்குகிற பயிற்சியை 30 நிமிடமாக வாரம் 3 தடவை செய்ய வேண்டும். அவ்வளவுதான். வாரத்தில் ஒரு தமிழ்ப் படம் பார்க்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஜிம்மை விடுங்கள். கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் உங்கள் தெருவில் எந்த வீட்டு மாட்டுக்கொட்டகையிலாவது துருப்பிடித்துக் கிடக்கும். இணைப்புச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் வந்ததும் எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. ஆனால் செயினுக்கு எண்ணெய் விட்டு அந்தப் பழைய வண்டியை ஊர்க் கண்மாய்க் கரை வரை சுற்றிவிட்டு வந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

நாடித் துடிப்பைப் பார்த்து அளவு வைக்கிற பழக்கம் மேல் முதுகிலும் கழுத்திலும் அடிபட்டவர்களுக்கு உதவாது. இதயத்தை விரட்டுகிற நரம்புகள் மேல் முதுகிலிருந்துதான் போகின்றன. கழுத்தில் முழுமையாக அடிபட்டவர் உயிரைக் கொடுத்துச் சுற்றினாலும் துடிப்பு பெரும்பாலும் 130-ஐத் தாண்டாது. பேச்சை வைத்துப் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். அவர்களுக்குக் கத்திரி வெயிலும் ஆகாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காததால் சூடு உள்ளேயே தங்கிவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டு, முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளிக்கச் சலூன்காரர் வைத்திருக்கிற ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே போய்ப் பயிற்சி செய்ய ஆசைதான். சிறுநீர் கசிந்துவிடுமோ என்று பயம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. பெண்கள் இதை யாரிடம் கேட்பது?
— வாசகி, தூத்துக்குடி

நர்ஸ் அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'தண்ணியைக் குறைச்சா கசிவு நிக்காது. கல்லு வரும், கிருமி வரும், வாடை வரும். ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர், ஒரே மூச்சா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா. 4 மணி நேரம், அதிகம் போனா 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான குழாய் போட்டு எடுத்துடணும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல வந்தா இடைவெளியைக் குறைக்கணும். பயிற்சிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துட்டுப் போகச் சொல்லு. முதல்ல கண்ணாடி வச்சுப் பழகணும், அப்புறம் கையே கண்டுபிடிச்சுடும்.'

நேரத்துக்கு எடுத்தும் கசிந்தால் அது சிறுநீர்ப்பை துடிப்பதால் இருக்கலாம். மருந்து இருக்கிறது, சிறுநீரக மருத்துவரிடம், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கிற 'யூரோடைனமிக்' பரிசோதனை பற்றிக் கேளுங்கள். திடீரென்று கால் இழுப்பு அதிகமானாலோ, சிறுநீர் கலங்கி நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.

நான் சேர்க்க விரும்புவது ஒன்று. கூச்சத்தால்தான் பெண்கள் வெளியே வருவதில்லை என்று பேசுகிறார்கள். நாற்காலி நுழைகிற கழிப்பறை ஒரு கடைத்தெருவிலும் கிடையாது என்பதை யாரும் பேசுவதில்லை.

எல்-1 காயம். காலிப்பர் (காலில் பட்டை போட்டுப் பூட்டுகிற கருவி) போட்டு நடக்கப் பழக்குகிறார்கள். பத்து அடி வைப்பதற்குள் உயிர் போகிறது. கல்லூரிக்கு இப்படித்தான் போக வேண்டுமா? அப்பாவுக்கு வீல்சேர் என்றாலே பிடிக்கவில்லை.
— வாசகி, திண்டுக்கல்

காலிப்பரை விட்டுவிடாதே பாப்பா, ஆனால் அதில் கல்லூரிக்கும் போகாதே. பூட்டிய முழங்காலோடு ஊன்றுகோலில் உடம்பைத் தூக்கித் தூக்கி வைக்க, சாதாரண நடையைப் போலப் பல மடங்கு சக்தி செலவாகும். வேகமோ ஆமை. நல்ல நாற்காலியைச் சமதரையில் ஓட்ட, மற்றவர்களுக்கு நடக்க ஆகிற சக்திதான் ஆகும். வகுப்பில் போய் உட்காரும்போது பாடம் கவனிக்கத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டாமா?

நிற்பது நல்லது. கால் இழுப்பு கொஞ்சம் தணியும், இறுகிய இடுப்பு நீளும், வயிறு ஒழுங்காகப் போகும் என்று பலர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அலமாரியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கு நேராகப் பார்க்கிற சந்தோஷம். வீட்டில் தினமும் அரைமணி நேரம் பேரலல் பாரிலோ (இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற கம்பி), உறுதியான மேசையைப் பிடித்தோ நில். கழற்றியதும் பட்டை பட்ட இடமெல்லாம் தோலைப் பார். சிவப்பு அரைமணியில் மறையாவிட்டால் பட்டையைச் சரிசெய்யும் வரை போடாதே. அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. நாற்காலியில் உட்கார்ந்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற ஒருவன் எழுதியது என்று சொல்.

24 வயது மகன். விழுந்து ஒரு வருடம். கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். பிசியோ வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். திட்டியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.
— ஒரு தாய், ஆரணி

திட்ட வேண்டாம்மா. அவனுக்குச் சோம்பேறித்தனம் இல்லை, மனச்சோர்வு. அதுவும் இந்தக் காயத்தோடு வருகிற நோய்தான், அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு. அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவன் 'செத்தால் தேவலை' என்கிற மாதிரி பேசினால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள்.

பயிற்சி என்ற வார்த்தையையே கொஞ்ச நாள் எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்ட்வில் என்ற ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-ல் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு வார்டு தொடங்கினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களைக் கட்டிலில் போட்டு வைத்திருப்பார்கள், படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத்திலும் செத்துப்போவார்கள். அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடவைத்தார், அப்புறம் கையில் வேலையைக் கொடுத்தார், விளையாட்டைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 16 பேரை நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆனது. நம் ராணுவத்தில் இருந்த முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்; 1972-ல் ஜெர்மனியில் நீச்சலில் தங்கம் வாங்கினார், பாராலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் தங்கம்.

உங்கள் மகன் தங்கம் வாங்க வேண்டாம். அவனைப் போலவே ஒருவனைப் பார்த்தால் போதும். நான் பார்த்தவரை, டாக்டர் நூறு தடவை சொன்னாலும் அசையாத பிள்ளை, நாற்காலியில் வந்து 'டேய், உனக்கு எந்த லெவல்?' என்று கேட்கிற இன்னொரு பிள்ளையைப் பார்த்ததும் திரும்பிப் படுக்கிறான். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் உங்களுக்குப் பக்கம். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தபோது 1975-ல் கடற்படைக்கு ஆள் எடுக்கிற உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் தொடங்கியது. சில வாரம் தங்கிப் பழகுகிற மாதிரி எங்காவது ஓர் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் அறையை விட்டு வெளியே இருங்கள்.

எல்லாருக்கும் நாற்காலி, நாற்காலி என்றே எழுதுகிறீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையைக் கெடுப்பதற்கா உங்களுக்குப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள்?
— வாசகர், சென்னை

கோபம் புரிகிறது சார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இன்னும் ஆய்வில் இருப்பது. ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு போடக் கூடாது. ஆய்வில் சேர்கிறவரிடம் காசு கேட்க மாட்டார்கள். கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். வயலை விற்று ஊசி போட்டுக்கொண்டு, நாற்காலி வாங்கக் காசில்லாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

காயம் முழுமையானதல்ல என்றால் கதையே வேறு. நடக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு நடைப்பயிற்சிதான் முதல் மருந்து. முழுமையான காயம்தான் என்றாலும் நாளைக்கு நிஜமாகவே ஒரு சிகிச்சை வரலாம். வந்தால், மூட்டு இறுகி, பின்பக்கம் புண்ணோடு, தோள் தேய்ந்து கிடப்பவரை எந்த டாக்டர் அதில் சேர்ப்பார்? நான் சொல்கிற பயிற்சி அதற்கும் சேர்த்துத்தான்.

வீல்சேரைத் தள்ளவே முடியவில்லை, கை பலம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?
— வாசகர், கும்பகோணம்

முதலில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் காற்று இல்லை என்று அர்த்தம். காற்றில்லாத டயரில் பாதி பலம் ரோட்டுக்குப் போகும். அதைவிட மோசம், பிரேக் கட்டை டயரைச் சரியாகப் பிடிக்காது. கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நழுவி நீங்கள் தரையில் இருப்பீர்கள். சைக்கிள் கடையில் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற அளவுக்கு அடிக்கச் சொல்லுங்கள். முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கிற முடியையும் நூலையும் பிளேடால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்கு அப்புறமும் தள்ள முடியாவிட்டால், அல்லது கையில் மரத்துப்போவது, பிடி நழுவுவது என்று புதிதாக ஏதாவது இருந்தால், பயிற்சியைத் தேடாமல் நரம்பு டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். காயத்துக்கு மேலே தண்டுவடத்தில் நீர்கோத்து, வருடங்கள் கழித்து இப்படி ஆவதுண்டு. ஆனால் முதலில் டயர்.